மூன்று பவுன் காசும் ஒரு மாடிக் கடையும்

அத்தை போகும்போது என் கையில் கொடுத்தது மூன்று பவுன் காசு. மூன்றும் வெள்ளைக்காரன் காலத்துக் காசு. என்ன பெறும் என்று பார்க்க முதலில் ஒரு பெரிய நகைக்கடைக்குத்தான் போனேன். கவுன்டரில் இருந்த பையன் வருஷத்தைக்கூடப் பார்க்காமல் உரைகல்லை எடுத்தான். சட்டென்று காசைப் பிடுங்கிக்கொண்டேன். உரசினால் கோடு விழும், கோடு விழுந்த காசைச் சேகரிப்பவர்கள் விரும்ப மாட்டார்கள். தங்கம் சரியாக இருந்தும் காசு போலியாக இருக்கலாம் என்பதால் உரசிப் பார்த்தும் முழு விடை கிடைக்காது.

அப்புறம்தான் மதுரை தெற்காவணி மூல வீதிப் பக்கம் பழைய காசு பார்த்து மதிப்புச் சொல்லும் இந்த மாடிக் கடைக்கு வந்தேன். பெயர்ப்பலகை கிடையாது. படி செங்குத்து, பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை. பெரியவர் ஒருவர் மட்டும். மேஜையில் மெத்தென்ற துணி விரித்து, விளிம்பை மட்டும் பிடித்துக் காசைத் தூக்கினார்.

முதல் கேள்வியே, "ஏம்மா, கழுவுனீங்களா?" பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்ததைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். லென்ஸில் காட்டினார்: ராணியின் கன்னமெல்லாம் மயிரிழைக் கீறல். சரி, திட்டு வாங்க வேண்டியதுதான்.

1898 விக்டோரியா காசில் சங்கிலிக்காக வளையம் பற்றவைத்திருக்கிறது. கழற்றினாலும் தடம் போகாதாம், தங்க விலைதான். 1908 எட்வர்டு தேய்ந்து 7.95 கிராம். புதுக் காசே 7.988தான், 22 காரட். நாம் பவுனுக்கு 8 கிராம் என்று சொல்லும் கணக்கு இதிலிருந்து வந்ததுதான். இதுவும் நிறைய அடித்த காசு, அதனால் தங்க விலை.

மூன்றாவதுதான் விஷயம். 1918, ஐந்தாம் ஜார்ஜ். பின்புறம் குதிரைக்குக் கீழே, வருஷத்துக்கு மேலே தரைக்கோட்டில், எறும்புத் தலை அளவுக்கு ஆங்கில 'ஐ'. பம்பாயில் அடித்த காசுக்கு அதுதான் அடையாளம். அந்த வருஷம் லண்டனில் சவரன் அடிக்கவே இல்லை. போர்க்காலத்தில் பம்பாயில் அடித்தது, அதுவும் அந்த ஒரே வருஷம். முப்பது வருஷம் பீரோவில் இருந்ததை நான் ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை.

பழைய காசுக்கு லட்சம் லட்சமாகக் கிடைக்கும் என்று யூடியூபில் சொல்வது உடனே எனக்கு ஞாபகம் வந்தது. அவர் சிரித்தார். 12 லட்சத்துக்கு மேல் அடித்த காசு அம்மா, தங்க விலைக்கு மேலே கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான் என்றார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பியிடம் கொடுத்து விற்கலாமா என்று கேட்டேன். நூறு வருஷம் தாண்டிய காசு 1972 சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அதையும் மூடிவிட்டார்.

குறை இல்லாமல் இல்லை. பார்த்துச் சொல்ல ஒரு காசுக்கு 200 ரூபாய் கூலி வாங்கினார், சீட்டு தரவில்லை. மதிப்பை எழுதித் தரக் கேட்டால் "வாய்ச்சொல்தான்" என்கிறார். பாகப்பிரிவினைக்கு மதிப்பு வேண்டுமென்றால் இங்கே வந்து பிரயோஜனமில்லை. தானே வாங்கிக்கொள்ளும் விலையை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை, "நாளைக்கு வாங்க" என்றார்.

நான் போகவில்லை. பம்பாய்க் காசு இப்போது அவர் கொடுத்த பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. உறைக்குத் தனியாக 10 ரூபாய்.