ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன்: வயல் கணக்கு எப்படி?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஒரு கணினி வியூக விளையாட்டு. 2019இல் வந்த இந்தப் பதிப்பில் மழை, பருவம், மண்வளம் எதுவும் கிடையாது. ஆனாலும் ஆட்டத்தின் பாதி வெற்றி வயலில்தான் இருக்கிறது.

ஒரு வயல் போட 60 அலகு மரம் செலவு. விளைச்சல் 175 உணவு. 100 உணவுக்கு 34 மரம் கரைகிறது. ஆலையில் ஹார்ஸ் காலர் என்ற மேம்பாட்டை (75 உணவு, 75 மரம்) ஆராய்ந்தால் விளைச்சல் 250 ஆகி, செலவு 24 மரத்துக்கு இறங்கும். அடுத்த மேம்பாடுகளான ஹெவி ப்ளோவில் விளைச்சல் 375, கிராப் ரொட்டேஷனில் 550. கடைசி மேம்பாட்டுக்கு உணவும் மரமும் தலா 250 கேட்கிறது. ஆட்டம் சீக்கிரம் முடியுமென்றால் அது தண்டச் செலவு.

ஊரின் தலைமைக் கட்டடமான டவுன் சென்டர் 25 விநாடிக்கு ஒரு கிராமவாசியை 50 உணவில் உருவாக்கும், அதாவது நிமிடத்துக்கு 120 உணவு. ஒரு விவசாயி நிமிடத்துக்குச் சுமார் 20 தான் தருவார். ஆகவே ஒரு டவுன் சென்டருக்கு ஆறு விவசாயிகள் வேண்டும். குதிரை வீரர்களை உருவாக்க வேண்டிய உணவு தனி. வயலை டவுன் சென்டரையோ ஆலையையோ ஒட்டியே போடுங்கள், விளைச்சலைக் கொண்டு சேர்க்கும் நடை தூரம் கூடினால் வரத்து குறையும். ஆட்டத்தில் தேர்ந்தெடுக்கக்கூடிய நாகரிகங்களில் ஒன்றான கெமரின் விவசாயிகளுக்கு மட்டும் இந்த நடை இல்லை.

விளைச்சல் தீர்ந்த வயலைத் தானே மீண்டும் விதைக்கும் தானியங்கி மறுவிதைப்பு பெரிய நிம்மதி. ஆனால் அது சத்தமில்லாமல் மரத்தைத் தின்னும். மர இருப்பு 60க்குக் கீழே போனால் வயல் தரிசாகி, ஆள் சும்மா நிற்பார். வயல் போடும் முன் மரவெட்டிகளைக் கூட்டுங்கள்.