வெர்னிசாஜ் சந்தை: எழுத்து டாலரை நம்பி வாங்கலாம், பட்டு ஸ்கார்ஃபை உரசிப் பாருங்கள்

ஆர்மேனியத் தலைநகர் யெரெவானில் நான்கு நாள் இருந்தேன், அதில் இரண்டு நாள் காலை வெர்னிசாஜ் சந்தையிலேயே போய்விட்டது. குடியரசுச் சதுக்கத்திலிருந்து பொடிநடையாகப் போய்விடலாம். 1980-களில் ஓவியர்கள் தங்கள் படங்களைப் பூங்காவில் வைத்துக் காட்டத் தொடங்கியதில் பிறந்த சந்தை, பெயரும் ஓவியக் கண்காட்சித் திறப்புக்கான பிரெஞ்சுச் சொல்தான். இப்போது படங்களைவிட வெள்ளி நகை, கம்பளம், மாதுளைப் பீங்கான், சோவியத் காலப் பேட்ஜ், ஆப்ரிகாட் மரத்தில் கடைந்த துதுக் குழல் (அடுக்கியிருப்பதில் பாதி சுவரில் மாட்டத்தான் உதவும்) என்று இதுதான் அதிகம். வார நாளில் போனால் பாதி கடை இருக்காது, சனி ஞாயிறு காலையில் போங்கள், கையில் ரொக்கமாக அந்த ஊர்ப் பணமான திராம் இருக்கட்டும்.

நான் போனதே சங்கிலியில் கோக்கும் எழுத்து டாலருக்காக. துறவி மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் 405 வாக்கில் உருவாக்கிய 36 ஆர்மேனிய எழுத்துகளை அவர்கள் கொண்டாடுவதைப் பார்த்தால் நமக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கும். பழைய சுவடிகளில் பத்தியின் முதல் எழுத்தைப் பறவையாக வளைத்து வரைவார்கள், அந்த வடிவத்தையே வெள்ளியில் அறுத்து டாலராக்குகிறார்கள். சென்னையில் நாம் அரண்மனைக்காரத் தெரு ஆக்கிவிட்ட ஆர்மேனியன் தெருவின் தேவாலயத்தில், கல்லறைக் கற்களில் இந்த எழுத்துகளைப் பார்த்திருக்கிறேன். முதல் ஆர்மேனிய இதழே 1794-ல் சென்னையில்தான் அச்சானது என்பதால் ஏற்கெனவே ஒரு பாசம்.

கடைக்காரர் என் பெயரைக் கேட்டார், சொன்னேன். தட்டில் துழாவி ஒன்றை எடுத்து வைத்தார். கொக்கு மாதிரி ஒரு பறவை, கழுத்து திரும்பித் தன் முதுகையே கொத்துகிறது, அந்த வளைவுதான் எழுத்து. பின்பக்கம் 925 முத்திரை, ஓரத்தில் அரம் ஓடிய கோடு லேசாகத் தெரிந்தது. அச்சில் வார்த்த மொழுமொழு டாலர் பக்கத்துக் கடையில் இதைவிட மலிவு, ஆனால் அந்தக் கோடு இருக்காது. எட்டு மாதமாகக் கழுத்தில் கிடக்கிறது, கொஞ்சம் கருத்தது, பல்பொடி போட்டுத் தேய்த்தேன், சரியாகிவிட்டது.

ஏமாந்த கதையும் உண்டு. ஒரு கடையில் மாதுளையும் பறவையுமாக அச்சிட்ட ஸ்கார்ஃப், "பட்டு, பட்டு" என்று சொல்லிக் கையில் போர்த்தியே விட்டார்கள். காஞ்சிபுரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்காமல் நகராத குடும்பத்தில் பிறந்தவள், அங்கே வாயை மூடிக்கொண்டு காசை நீட்டினேன். ஊருக்கு வந்து கொளுத்தினால் முடி கருகும் வாசனைக்குப் பதில் பிளாஸ்டிக் உருகி உருண்டையாகிறது. எல்லாக் கடையும் அப்படி என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரே டிசைன் ஐந்து கடையில் தொங்கினால் அதைக் கைவேலை என்று நம்பாதீர்கள். ஃபிரிட்ஜ் காந்தத்துக்கும் இதே கணக்குதான். அப்புறம், பழைய கம்பளத்தில் கை வைப்பதற்கு முன் வெளிநாடு கொண்டுபோக அனுமதித் தாள் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

சந்தையிலேயே எனக்குப் பிடித்தது ஊசி லேஸ்தான். ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பாட்டி பின்னிக்கொண்டிருந்தார், குரோஷா கொக்கியெல்லாம் கிடையாது, வெறும் தையல் ஊசியும் நூலும். ஒவ்வொரு கண்ணியும் ஒரு முடிச்சு, அது முடிந்தால்தான் அடுத்தது. நான் விலை கேட்டு முகம் சுளித்ததும், ஓரத்தில் ஒரு நூல் அறுந்த பழைய துண்டை எடுத்து என் கையில் கொடுத்து இழுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். இழுத்தேன். அறுந்த இடத்தோடு நின்றது, பிரியவே இல்லை. அதற்குமேல் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை, அவரும் ஒரு திராம்கூடக் குறைக்கவில்லை.

உள்ளங்கை அகல வட்டம் ஒன்றுதான் வாங்க முடிந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்கு அடியில் விரித்துவிட்டு, ஊதுபத்திச் சாம்பல் விழுந்ததா என்று தினமும் குனிந்து ஊதிக்கொண்டிருக்கிறார்.