புறக்கோட்டையில வாங்கின மிருகச் சத்தப் புத்தகம்: சத்தம் ஓகே, படம் கீறினவருக்கு மைனஸ்

பட்டனை அமத்தினா மிருகம் கத்துற சின்னப்பிள்ளைப் புத்தகம் இப்ப புறக்கோட்டை நடைபாதைக் கடைகள்ல நிறையத் தொங்குது, அதில ஒண்டைத்தான் மகளுக்கு வாங்கினன், 1,850 ரூபா சொன்னாங்க, கதைச்சு 1,500க்கு முடிஞ்சுது. அட்டை நல்ல தடிப்பு, மகள் கடிச்சும் கிழியேல்ல.

கழுதை பட்டன் சூப்பர். உண்மையான கழுதைக்குப் பக்கத்தில மைக் பிடிச்சு எடுத்திருக்காங்க போல, மூச்சை உள்ள இழுக்கேக்க ஒரு கீச்சு, வெளிய விடேக்க ஒரு கரகரப்பு, ரெண்டும் தனித்தனியாக் கேக்குது. கனக்க மிருகங்கள் மூச்சை வெளிய விடேக்கதான் கத்தும், கழுதை ரெண்டுக்கும் கத்தும், அதாலதான் அந்த இழுவை. மன்னார்ப் பக்கம் போனவைக்கு நான் சொல்லத் தேவையில்ல.

சிங்கம் பரவாயில்ல. அதின்ர தொண்டைக்குள்ள அதிர்ந்து சத்தம் போடுற குரல் மடிப்பு தட்டையா, சதுரமா, உள்ளுக்குக் கொழுப்போட இருக்கிறதால நுரையீரல் பெரிசாக் கஷ்டப்படாமலே அந்தக் கர்ஜனை வருது, 8 கிலோமீற்றர் தூரத்துக்கும் கேக்குமாம். இந்த ஸ்பீக்கர்ல பக்கத்து ரூமுக்கே கேக்காது, அது வேற கதை.

யானைக்கு துதிக்கையால ஊதுற சத்தம் மட்டும் போட்டிருக்கு. ஆனா யானைகள் தங்களுக்குள்ள கதைக்கிறதில கனக்க 20 ஹேர்ட்ஸுக்குக் கீழ, எங்கட காதுக்கு எட்டாத அடிக்குரல்ல. 1984ல கேற்றி பெய்ன் எண்ட விஞ்ஞானி அமெரிக்காவில போர்ட்லண்ட் மிருகக்காட்சிசாலையில யானைகளுக்குக் கிட்ட நிக்கேக்க காத்து அதிர்ற மாதிரி உணர்ந்து, அதுக்குப் பிறகு ரெக்கோர்ட் பண்ணிப் பாத்துத்தான் அது தெரியவந்தது. அந்த மாதிரித் தாழ்ந்த சத்தம் காட்டுக்குள்ளால அவ்வளவு தேயாமத் தூரம் போகும், பிரிஞ்சு நிக்கிற கூட்டங்கள் ஒண்டையொண்டு கண்டுபிடிக்க அதுதான் வசதி. இதை எந்தக் குட்டி ஸ்பீக்கராலயும் தரேலாது, அதால மார்க் குறைக்கேல்ல.

மார்க் குறைச்சது படங்களுக்கு. சுவர்க்கோழி வாயை ஆவெண்டு திறந்து பாட்டுப் படிக்குது! அது எங்க வாயால கத்துது, ஒரு செட்டையில இருக்கிற வாள்ப்பல்லு மாதிரி வரியில மத்தச் செட்டை விளிம்பை உரசித்தானே அந்தச் சத்தம், அதுவும் பெரும்பாலும் ஆண்தான், பெட்டையைக் கூப்பிட.

குயில் இன்னும் மோசம். பட்டனை அமத்தினா வாறது மார்ச், ஏப்ரல்ல வெள்ளவத்தை மரமெல்லாம் கேக்கிற அந்தக் கூ...ஓ, ஆண் குயில்ட குரல், சிங்கள ஆக்கள் கொஹா (குயில்) கத்துது, அவுருது (சித்திரைப் புதுவருசம்) வருது எண்டு சொல்லுறது அதைத்தான். படத்தில இருக்கிறது வெள்ளைப் புள்ளி போட்ட மண்ணிறப் பெட்டை. ஆண் முழுக் கறுப்பு, கண் சிவப்பு, பெட்டைக்கு கிக் கிக் எண்டு வேற சத்தம். கடைக்காரரை என்ன சொல்ல, அச்சடிச்சவருக்குத் தெரிஞ்சிருக்கோணும்.

பல்லிக்குப் பட்டனே இல்ல. ஒவ்வொரு நாளும் சுவர்ல கேக்கிறது அதுதான், அம்மா உடனே பலன் பாக்க வெளிக்கிடுவா, பல்லி பாவம் தன்ர இடத்துக்குள்ள இன்னொண்டு வராம இருக்கக் கத்துது.

ஒண்டு கட்டாயம் பாருங்க: பின்பக்கம் பற்றரி மூடிக்கு ஸ்குரூ இறுக்கமா இருக்கோணும். எனக்குத் தந்ததில நகத்தாலயே கழண்டுது, நான் வீட்ட வந்துதான் இறுக்கினன். உள்ள இருக்கிறது பட்டன் பற்றரி, பிள்ளை விழுங்கித் தொண்டையில மாட்டினா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளயே உள்ளுக்குச் சுட்டுப்போடும், அதால கடையில வச்சே ஒருக்கா இழுத்துப் பாருங்க.

5க்கு 3. வெள்ளவத்தையிலயும் இதே புத்தகம் கிடைக்குது, விலை கூட.