ரங்கூன் பஸ் கார்டு: பையில் இருக்கும்வரை நல்லது

மோல்மீனிலிருந்து ரங்கூனுக்குக் குடிவரப்போகும் நண்பர் கேட்டார்: "பஸ் கார்டு வாங்கணுமா, காசாவே கொடுத்துக்கலாமா?" போனில் வாங்கு, வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட முடியவில்லை. அதனால்தான் இது.

கார்டின் அருமை தெரிய, பழைய கதை தெரிய வேண்டும். முன்பெல்லாம் சபே, அதாவது கண்டக்டர், கதவில் தொங்கியபடி ஊர்ப்பெயரைக் கூவுவார். தாள்களை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகி வைத்திருப்பார். எந்த நோட்டை நீட்டினாலும் மீதி வரும், சில நேரம் திட்டோடு. 2017 ஜனவரி 16-ல் ஒய்பிஎஸ் என்ற புதிய நகர பஸ் ஏற்பாடு வந்தது. சபே போனார், டிரைவர் பக்கத்தில் காசு போடும் பெட்டி வந்தது. பெரும்பாலான லைன்களில் அப்போது 200 கியாட். பெட்டி மீதி தராது. கையில் 1000 தாள்தான் இருக்கிறதா? அதைப் போட்டுவிட்டு, பெட்டியோரமாகவே நின்று, அடுத்து ஏறுகிறவர்களிடம் கை நீட்டி நாலு 200 வாங்கிக்கொண்டுதான் உள்ளே போகலாம். சம்பளமில்லாத சபே வேலை.

வாங்குகிற தாளும் எப்படியிருக்கும்? டேப் ஒட்டி, ஓரம் தேய்ந்து, மழைக்காலத்தில் மீன்கடை ஈரத்தோடு. சில்லறைப் பஞ்சம் வந்தால் கடைக்காரர் மீதிக்குப் பதில் மிட்டாய் கொடுப்பார். பெட்டி மிட்டாய் வாங்காது.

கார்டு வந்ததும் இந்தத் தொல்லையெல்லாம் ஒரு பீப்பில் போனது. வெள்ளிக்கிழமை காளி கோயிலுக்குப் போகும்போது ஒரு கையில் தேங்காய்த் தட்டு இருந்தாலும் மறு கையால் கார்டை மெஷினில் தட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். கட்டணம் ஏறினாலும் சில்லறை தேட வேண்டியதில்லை. பணம் ஏற்றுவதிலும் சிக்கலில்லை. மீதி எவ்வளவு என்று மெஷினில் ஒரு நொடி மின்னி மறையும். வெயில் நேரத்தில் அதைப் படிக்கத் தனிக் கண் வேண்டும். அது பெரிய குறையில்லை.

பெரிய குறை கார்டில் இல்லை, கார்டு இல்லாதவர்களிடம் இருக்கிறது.

"தம்பி, எனக்கும் சேத்து ஒரு தட்டு தட்டுப்பா." காசு எடுக்காத பஸ்ஸில் இப்படித்தான் தொடங்கும். அந்த அம்மா நீட்டுவது ஒட்டுப்போட்ட இரண்டு தாள். அவருக்குத் தட்டுவதைப் பார்த்ததும் பின்னால் நிற்கும் பள்ளிக்கூடப் பையன்கள், அவர்களுக்குப் பின்னால் பெரிய நோட்டோடு ஒருவர். "மீதி இருக்கா?" என்று என்னையே கேட்கிறார்! எந்தச் சில்லறையிலிருந்து தப்பிக்கக் கார்டு வாங்கினேனோ, அதே சில்லறை கைநிறைய. பீப், பீப், பீப். டிரைவர் கண்ணாடியில் முறைக்கிறார். உட்கார இடம் போய்விடும். மாட்டேன் என்று சொல்லலாம்தான். வயதானவர்களை வெயிலில் இறக்கிவிட்டு எந்த முகத்தோடு ஜன்னலோரம் உட்காருவது?

அவர்களையும் குறை சொல்ல மனம் வரவில்லை. எங்கள் வீட்டிலேயே பெரியம்மா கார்டைத் தொடமாட்டார். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் தாள்கள் செல்லாது என்று ஒரே நாளில் அறிவித்தார்கள், மாற்றியும் தரவில்லை.  பெட்டிக்குள் சேர்த்து வைத்தது காகிதமான கதையை இன்றும் சொல்வார். "கையில இருக்கிற தாளையே செல்லாதுன்னவங்க ஊர்ல, கண்ணுக்குத் தெரியாத காசை எவன் நம்புவான்?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் நாலைந்து நாள் பயணத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. 2021-ல் வங்கியில் போட்ட சொந்தக் காசை எடுக்க முடியாமல் ஏடிஎம் வாசலில் விடியுமுன் வரிசையில் நின்றவர்கள் யாரும் ஏற்றமாட்டார்கள்.

ஆக, நண்பரே, கார்டு நல்ல சாமான். காசை விட ஆயிரம் மடங்கு மேல். ஆனாலும் இன்று காலை முழுக்க அடுத்தவர்களுக்குத் தட்டிவிட்டு, கடைசியில் எனக்கே இருப்பு இல்லாமல் போன கோபத்தில் சொல்கிறேன்: வாங்காதீர்கள். நாளைக்குக் கேட்டால் வேறு மாதிரி சொல்வேனோ என்னவோ. கேட்காமல் வாங்குவதானால் இரண்டாக வாங்குங்கள். காசு ஏற்றியது உள்பையில் இருக்கட்டும். காலியானதை மட்டும் கழுத்தில் தொங்கவிடுங்கள். நான் அப்படித்தான் செய்யப்போகிறேன். அந்த அம்மா மட்டும் ஏறினால் உள்பைக் கார்டை எடுத்துத்தான் ஆக வேண்டும். அவருக்கு என் அம்மாவைத் தெரியும்.