பாதி முகத்தில் பச்சை: எந்த வழியில் எடுப்பது?

ஆவணி மாதம், சிரியத்தில் ஒரு கல்யாணம். யாங்கோனிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டினால் வரும் ஊர். பெயர் தன்லின் என்று மாறிவிட்டாலும் நம் பெரியவர்களுக்கு இன்னும் சிரியம்தான். மழைக்காலம் என்பதால் வாசல் பந்தலுக்கு மேலே பச்சைத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளையின் வலக்கன்னத்தில் திறந்த பக்கத்து வெளிச்சம், இடக்கன்னத்தில் தார்ப்பாய் வழியாக இறங்கிய வெளிச்சம். படங்களைப் பார்த்த பெண்ணின் அப்பா கேட்டார்: "தம்பி, மாப்பிள்ளை முகத்துல ஒரு பக்கம் மட்டும் பாசி புடிச்ச மாதிரி இருக்கே?"

அவர் கேட்டது நியாயம். அந்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதலில் எல்லோரும் கை வைப்பது படம் முழுவதற்குமான ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறச் சாயலைச் சரிசெய்யும் கருவி. இந்த மாதிரிப் படத்துக்கு அது உதவாது. இடக்கன்னத்துப் பச்சையைக் குறைக்க டின்ட்டை (பச்சைக்கும் கருஞ்சிவப்பான மெஜந்தாவுக்கும் நடுவில் நகரும் அளவை) மெஜந்தா பக்கம் தள்ளினால், நன்றாக இருந்த வலக்கன்னம் ரோஸ் ஆகிவிடும். படத்தில் இருப்பது இரண்டு வெளிச்சம். ஒரு திருத்தம் இரண்டுக்கும் பொருந்தாது. முழுப் படமும் ஒரே சாயலில் இருந்தால் மட்டும் இந்த வழி. அப்போதும், 'இதுதான் வெள்ளை அல்லது சாம்பல்' என்று காட்டும் துளிசொட்டிக் கருவியால் எங்கே தொடுகிறோம் என்பது முக்கியம். நம் ஊரில் தனக்கா (மரப்பட்டையை அரைத்த பூச்சு) பூசிய கன்னம் வெள்ளையாகத் தெரிகிறதே என்று அதைத் தொட்டுவிடுபவர்கள் உண்டு. காய்ந்த தனக்கா வெளிர் மஞ்சள். அதை வெள்ளை என்று மென்பொருளுக்குச் சொன்னால் படம் முழுக்க நீலம் ஏறும். புது வேட்டியும் நம்பகமில்லை, சலவை வெளுப்பு வெயிலில் நீலம் காட்டும். நெற்றியில் திருநீறு கெட்டியாக விழுந்த இடம் ஓரளவு சரியான சாம்பல். மெலிதாக இருந்தால் தோலின் நிறம் கலந்துவிடும்.

சரி, பகுதியை மட்டும் திருத்தும் வழிகளுக்கு வருவோம்.

போனில் செய்வதென்றால் ஸ்னாப்சீட் செயலி. காசு கட்ட வேண்டாம். அதில் பிரஷ் (தூரிகை) கருவியில் டெம்பரேச்சர் இருக்கிறது, ஆனால் அது நீலம், மஞ்சள் இரண்டுக்கும் நடுவில்தான் நகரும்; பச்சைக்கு மருந்து அங்கே இல்லை. பலருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு. ஒயிட் பேலன்ஸ் கருவியில் இடக்கன்னத்தை மட்டும் பார்த்து டின்ட்டைச் சரிசெய்யுங்கள், மீதிப் படம் எப்படிப் போனாலும் கவலை வேண்டாம். அப்புறம் திருத்தங்களின் பட்டியலைத் திறந்து, அந்த ஒயிட் பேலன்ஸ் படியைத் தொட்டு, தூரிகைக் குறியை எடுத்தால், விரலால் தேய்த்த இடத்தில் மட்டும் அந்தத் திருத்தம் விழும். 25, 50, 75, 100 என்று அளவு வைத்துக்கொள்ளலாம். கன்னத்தின் நடுவில் 75, மூக்கை நெருங்கும்போது 25 என்று தேய்த்தால் கோடு தெரியாது. படத்தைப் பெரிதாக்கினால் தூரிகை தானாகவே சிறிதாகும். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத யாங்கோனில், கணினி இல்லாமல் இதை முடிக்க முடிவது பெரிய விஷயம். பத்துப் படங்களுக்குள் என்றால் நான் இதையே சொல்வேன்.

லைட்ரூம் என்ற மென்பொருளில் இதே வேலை இன்னும் மென்மையாக நடக்கும். மாஸ்க்கில் (திருத்தம் எந்த இடத்தில் விழ வேண்டும் என்று குறிக்கும் மறைப்பில்) பிரஷ் எடுத்து, ஓரம் நன்றாகக் கரையும்படி வைத்து, டின்ட்டையும் டெம்பரேச்சரையும் நகர்த்தினால் போதும். ரா ஃபைலாக (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பாக) இருந்தால் நிறத்தை இழுக்கத் தாராளமாக இடமிருக்கும், சுருக்கிய ஜேபெக்கில் சீக்கிரமே திட்டுத்திட்டாகும். ஒரே பந்தலில் எடுத்த நூறு படங்களுக்கு அதே அளவுகளை ஒட்டிவிட்டு மாஸ்க்கை மட்டும் நகர்த்தலாம், அந்த வேகம் இங்கே சொல்லும் மற்ற வழிகளில் இல்லை. மாதச் சந்தா கட்ட வேண்டும் என்பதுதான் தடை.

ஆனால் தார்ப்பாய் வெளிச்சம் எப்போதும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. மாப்பிள்ளையின் தாடைக்குக் கீழே நிழலில் பச்சை அதிகம், கன்ன மேட்டில் குறைவு. டின்ட்டை நகர்த்தினால் இரண்டும் சேர்ந்தே நகரும். இங்கேதான் கர்வ்ஸ் முன்னால் போகிறது; நிழலிலும் வெளிச்சத்திலும் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் கோடு அது. போட்டோஷாப்பில் படத்தின் மேல் கர்வ்ஸ் லேயர் (அடுக்கு) ஒன்று போட்டு, மாஸ்க்கை முழுக் கறுப்பாக்கி, மெல்லிய தூரிகையால் வேண்டிய இடத்தை வெள்ளையால் திறந்தேன். பச்சைக் கோட்டை நிழல் பக்கம் நன்றாகவும் வெளிச்சப் பக்கம் கொஞ்சமாகவும் கீழே இறக்கினேன்.

கண்ணை மட்டும் நம்பவில்லை, மென்பொருள் 0 முதல் 255 வரை காட்டும் நிற எண்களையும் பார்த்தேன். நல்ல கன்னத்தில் சிவப்பு 168, பச்சை 118, நீலம் 92. அதாவது சிவப்பு நூறு என்றால் பச்சை எழுபது, நீலம் ஐம்பத்தைந்து. பாசி பிடித்த கன்னத்தில் 112, 116, 84. நம் தோலில் பச்சை சிவப்பைத் தாண்டினால் அது வெளியிலிருந்து வந்த நிறம், சந்தேகமே வேண்டாம். பச்சையை இறக்கி, நீலத்தையும் கொஞ்சம் குறைத்து, சிவப்பைச் சற்று ஏற்றியபோது 124, 86, 67 வந்தது. விகிதம் ஒத்துவந்தது, அத்துடன் நிறுத்தினேன். அந்தக் கன்னம் நிழலில் இருந்தது, நிழலிலேயே இருக்கட்டும். நிறத்தைத் திருத்துவதும் வெளுப்பாக்குவதும் வேறு வேறு வேலை. "அப்படியே கொஞ்சம் வெள்ளையாக்கிடுங்க" என்று கேட்பவர்களிடம் நான் முடியாது என்றே சொல்கிறேன். மாப்பிள்ளையின் மாநிறம் அவருடையது. தார்ப்பாயின் பச்சை மட்டும்தான் அவருடையது இல்லை.

திருத்தும்போது முகத்தின் வெளிச்சமும் கூடிக் குறைந்தால், கர்வ்ஸ் லேயரைக் கலர் மோடுக்கு மாற்றுங்கள். நிறம் மட்டும் மாறும், வெளிச்சம் அப்படியே நிற்கும். கிம்ப் என்ற மென்பொருளிலும் இதைச் செய்யலாம், அது இலவசம். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பிலிருந்து கர்வ்ஸைப் போட்டுவிட்டுப் பிறகு திறந்து மாற்ற முடிகிறது. முன்பெல்லாம் ஒரு தடவை போட்டால் போட்டதுதான். கை பழகச் சில நாள் பிடிக்கும், ஆனால் சந்தா கட்ட முடியாதவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் வழி இது.

இன்னொரு வழி, வண்ணம் பூசுவது. கலர் மோடில் வெற்று லேயர் போட்டு, நல்ல கன்னத்தின் நிறத்தை எடுத்து மற்றக் கன்னத்தில் பூசிவிடுவது. இரண்டே நிமிடம். காட்டும் வீடியோக்களில் அற்புதமாக இருக்கும். நான் இதை முகத்துக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். கன்னம், உதட்டோரம், மீசை நிழல் எல்லாவற்றுக்கும் தனித்தனி நிறம் உண்டு. பூசினால் எல்லாம் ஒன்றாகிவிடும். பந்தல் ஓரத்தில் தனக்காவோடு நின்ற ஒரு சிறுவன் முகத்தில் செய்து பார்த்தேன், தனக்கா வட்டம் தோலோடு தோலாக மறைந்தே போனது. காது மடல் மாதிரிச் சின்ன இடத்தில், முப்பது சதவீத அளவில் என்றால் சரி.

வேட்டிக்கு இவை எதுவும் தேவையில்லை. வெள்ளைத் துணியில் ஏறிய பச்சைக்கு அந்த நிறத்தின் சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) மட்டும் குறைத்தால் போதும். அதையே முகத்தில் செய்தால் உயிரில்லாத சாம்பல் வரும்.

எதுவும் எடுபடாத இடமும் உண்டு. கோயில் திருவிழா இரவில் நீல எல்இடி மட்டும் விழுந்த முகங்களில் சிவப்பு ஏறக்குறைய பதிவாகியே இருக்காது. இல்லாததை எந்தக் கருவியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அவற்றைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள், நன்றாக இருக்கும்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். ராத்திரி போனிலோ கணினியிலோ நைட் லைட் (திரையை மஞ்சளாக்கும் வசதி) போட்டிருந்தால் அணைத்துவிட்டு உட்காருங்கள். திரை மஞ்சளாக இருக்கும்போது செய்த திருத்தம் அச்சில் நீலமாக வரும்.

பெண்ணின் அப்பாவுக்குக் கர்வ்ஸ் படத்தைத்தான் அச்செடுத்துக் கொடுத்தேன். மணப்பெண்ணின் கழுத்திலும் ஒரு சாயல் இருந்தது, கூறைப் புடவையின் அரக்குச் சிவப்பு தாடைக்குக் கீழே பட்டுத் தெரிந்தது. அதையும் எடுக்கலாமா என்று ஒருமுறை மாஸ்க் போட்டுப் பார்த்தேன். எடுத்ததும் புடவை வேறு, பெண் வேறு என்று பிரிந்து நின்றது. மாஸ்க்கை அழித்துவிட்டு அந்தச் சிவப்பை அப்படியே விட்டேன்.