மஞ்சள் கரிசாலை என்று வாங்கிய செடி: ஒன்றரை வருட அனுபவம்

காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு மாந்தோப்பு இருக்கிறது. எல்லாம் பெங்களூரா மரம். வரப்பு மழைக்குக் கரைகிறது, கீரைக்கும் ஆகும் என்று நினைத்து, போன வருடத்துக்கு முந்தின ஆடியில் ஒரு நர்சரியில் ‘மஞ்சள் கரிசலாங்கண்ணி’ என்று அட்டை குத்தி வைத்திருந்த செடி 8 பை வாங்கினேன். பை 30 ரூபாய். செடி வாடாமல் கொழுகொழுவென்று இருந்தது. அங்கேயே வாங்கிய கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இன்றைக்கும் நன்றாக இருக்கின்றன. அதில் குறை சொல்ல மாட்டேன்.

நட்டதும் பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழைக்கு வரப்பே தெரியாத அளவுக்குப் பச்சைப் பாய் விரித்து, மேலே மஞ்சள் பூ. பார்க்க அவ்வளவு அழகு! தீபாவளிக்கு ஊரிலிருந்து வந்த அத்தை ஓர் இலையைக் கிள்ளி, கசக்கி, முகர்ந்து பார்த்துவிட்டு, “இது கரிசாலை இல்ல கண்ணு. அது இலை ஒல்லியா, நீட்டமா, சொரசொரன்னு இருக்கும். இது பளபளன்னு மூணு மூக்கு வெச்சிருக்கு பாரு” என்றார். நல்லவேளை, அதுவரை ஒரு நாளும் பறித்துச் சமைக்கவில்லை.

அவர் சொன்னதுதான் சரி. இது வெடிலியா. மெக்சிகோ, கரீபியன் தீவுகள் பக்கத்துச் செடி, அழகுக்காகக் கொண்டுவந்தது. இதன் தாவரப் பெயரில் வரும் ‘ட்ரைலோபேட்டா’ என்பதே மூன்று மடல் என்றுதான் அர்த்தம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு 2000-ல் வெளியிட்ட உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இதுவும் இருக்கிறது. நம் மஞ்சள் கரிசாலை இதற்குப் பங்காளிதான், பூவும் ஒரே சாயல். அதனால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறோம்.

தை மாதம் அது வரப்பை விட்டிறங்கி மரத்தடிக்கு வந்துவிட்டது. நான் செய்த பெரிய தப்பு, புல்வெட்டி மெஷினை வைத்து ஓட்டியது. சிதறிய துண்டு ஒவ்வொன்றும், ஈரம் பட்டதும் ஒரு செடியாக எழுந்தது. ஒரு கொடியை மெதுவாகத் தூக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. என் கை நீளம்தான் இருக்கும், அதில் 11 கணு. எல்லாக் கணுவிலும் வெள்ளை நூல் மாதிரி வேர் இறங்கி மண்ணைப் பிடித்திருந்தது. இது விதையை நம்பிப் பரவுகிற செடி இல்லை, கணுதான் அதற்கு விதை. பல்லாண்டுச் செடி என்பதால் வெயிலில் மேலே கருகினாலும், ஒரு மழை போதும், அடியிலிருந்து துளிர்க்கிறது. வரப்பில் தானாக முளைத்துக் கிடந்த தும்பை, குப்பைமேனி எல்லாம் அந்தப் பாய்க்கு அடியில் காணாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆடு கூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

மண் அரிப்பு நின்றதா என்றால் நின்றது. அதற்காக இதை இன்னொருவர் தோட்டத்தில் நடச் சொல்ல எனக்கு மனசு வராது. செடிக்கு ஒரு நட்சத்திரம்கூட இல்லை. பெயரைப் பார்த்து எழுதாத கடைக்கு இரண்டு, அதுவும் அந்தக் கறிவேப்பிலைக்காக.

ஏற்கெனவே வைத்துவிட்டவர்கள் வெட்டாதீர்கள். முதல் நாள் தண்ணீர் விட்டு மண்ணை இளக்கி, மறுநாள் கொடியைச் சுருட்டிக்கொண்டே கணுக்கணுவாகப் பிடுங்குங்கள். பிடுங்கியதை எருக்குழியில் போட வேண்டாம். ஓடையிலோ அணைக் கால்வாயிலோ வீசவே வேண்டாம், தண்ணீர் அதை அடுத்தவர் வயலில் கொண்டுபோய் நட்டுவிடும். நாங்கள் பாறைமேல் பரப்பி, மொறுமொறுவென்று காயும்வரை விட்டு எரித்தோம். இரண்டு ஆள், ஆறு நாள் கூலி ஆனது. 240 ரூபாய்ச் செடிக்கு!

அத்தை தன் ஊர் வாய்க்கால் ஓரத்திலிருந்து நிஜ மஞ்சள் கரிசாலை நாலு கொடி கொண்டுவந்தார். அதைத் தொட்டியில் வைத்திருக்கிறேன். போன வாரம் இரண்டு செடியின் இலையையும் ஒரே தாளில் ஒட்டி அந்த நர்சரிக்காரரிடம் கொடுத்தேன். தடவிப் பார்த்தவர், அட்டையைப் பிடுங்கி உள்ளே வைத்தார். செடிகள் இன்னும் வாசலில்தான் இருக்கின்றன.