படைக்கு வண்டுகொல்லியா, வேப்பிலையா, குப்பைமேனியா?

வேளாண்மைக் காலத்தில் ஈரச் சாரனோடு நாள் முழுக்க வயலில் நிற்பவர்களுக்குத் தொடை இடுக்கில் படை வந்துவிடும். தம்பிலுவிலில் இருக்கும் என் மாமி அதற்கு நம்புவது வண்டுகொல்லி இலையை மட்டும்தான். சீமை அகத்தி என்றும் சொல்வார்கள். மஞ்சள் பூங்கொத்து மெழுகுதிரி போல நிமிர்ந்து நிற்கும். கொழுந்தாக ஒரு பிடி ஆய்ந்து, தண்ணீர் விடாமல் அம்மியில் அரைப்பார். "தேய்க்காம மெல்லப் பூசு மனே" என்பார்.

மாமியின் கணக்கு சரிதான். படையும் தேமலும் பங்கசால், அதாவது பூஞ்சையால் வருபவை. வண்டுகொல்லி இலையில் உள்ள ரெயின் போன்ற ஆந்திராகுயினோன் என்ற இரசாயனங்கள் பங்கசை அடக்கக்கூடியவை. பிலிப்பைன்ஸ் சுகாதாரத்துறை ஏற்றுக்கொண்ட 10 மூலிகைகளில் இதுவும் ஒன்று. அங்கே லோஷனாகவே விற்கிறார்கள். ஒரு விஷயம்: சிலர் இதோடு தேசிக்காய்ப் புளி சேர்ப்பார்கள். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் இறங்கினால் தோல் வெந்து கறுத்துப் போகும். புளி வேண்டவே வேண்டாம்.

வேப்பிலைக்கு நம்மிடம் மரியாதை அதிகம். அம்மாள் வருத்தம் வந்தால் வாசலிலேயே தொங்கும். ஆனால் படைக்கு அது இரண்டாம் இடம்தான். அதன் பலம் சொறி சிரங்கில் தெரிகிறது. இந்தியாவில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து 814 பேருக்குப் பூசிய ஒரு முன்னோட்ட ஆய்வு 1992இல் வெளியானது. 97 சதவீதம் பேருக்கு 3 முதல் 15 நாட்களுக்குள் குணமானதாக அதில் சொல்லியிருக்கிறார்கள். இருந்தும், வீட்டில் கைக்குழந்தைக்கும் சிரங்கு என்றால் நான் டொக்டரிடம்தான் போவேன். பெர்மெத்ரின் கிறீமை வீட்டார் எல்லோரும் ஒரே நாளில் பூசினால்தான் அது திரும்பி வராது.

குப்பைமேனி வேலியோரம் சும்மா கிடைக்கும், சிரங்குக்கு அரைத்தும் பூசுவார்கள். வெளிப்பூச்சோடு நிறுத்துங்கள். சுண்டிச் சாப்பிட்டு, பிறவியிலேயே வரும் ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்த சம்பவங்கள் இலங்கையிலேயே பதிவாகியுள்ளன.

படைக்குப் பாமசியில் கிடைக்கும் குளோட்ரிமசோல் என்ற பங்கசுக் கிறீமோடு வண்டுகொல்லியை வைத்துப் பார்த்தால், மருந்தின் அளவு நிச்சயமாகத் தெரிவது கிறீமில்தான். இலையில் மரத்துக்கு மரம் மாறும். ஆனால் ஸ்டெரொய்ட் கலந்த கிறீமை விட வண்டுகொல்லி எவ்வளவோ மேல். ஸ்டெரொய்ட் அரிப்பை அடக்கிவிட்டு, அடியில் படையைப் பரவவிடும்.

எந்த இலைக்கும் கேட்காத ஒன்று இருக்கிறது, அது தொழுநோய். தேமல் போலவே வெளிறியிருக்கும், ஆனால் அரிக்காது. தொழுநோயாளரை மட்டக்களப்பு வாவி நடுவே மாந்தீவில் வைத்துப் பார்த்த ஊர் நம்முடையது. இன்று 6 அல்லது 12 மாத மாத்திரையில், வீட்டிலிருந்தபடியே, இலவசமாகக் குணமாகிறது. இலை பூசிப் பூசி மாதங்களைக் கடத்தினால்தான் நரம்பு கெட்டுக் கைவிரல் மடங்கிப்போகும். அதனால் தேமல் என்று நினைத்து அரைக்கத் தொடங்குமுன், கண்ணை மூடச் சொல்லிவிட்டு அந்த இடத்தைப் பஞ்சு நுனியால் தொட்டுப் பாருங்கள். தொட்டது தெரியவில்லை என்றால் அன்றைக்கே ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.